கோவனில் ஒரு தெரு: ஞாபகங்களைச் சேர்க்கப் போய்ப் பட்ட பாடு

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கோவன் என்ற வட்டாரத்தில் நான் வளர்ந்த தெரு இப்போது இல்லை. கோவன் ரோட்டிலிருந்து பிரிந்து, கிளைட் ஆற்றுப் பக்கம் இறங்கி, கப்பல் கட்டும் தளத்தின் மதிலில் முட்டி நிற்கும் ஒரு குட்டைத் தெரு அது. அங்கே இருந்தவர்களின் ஞாபகங்களைச் சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று தனியாக இறங்கினேன். கையிலிருந்து ஏறத்தாழ 1,400 பவுண் போனது. சில வருடத்துச் சனிக்கிழமைகள் போயின. சின்ன வயதிலிருந்து இருந்த ஒரு சினேகிதமும் போனது. கடைசியில் 64 பக்கத்தில் ஒன்று கைக்கு வந்தது. யாராவது இரண்டு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தக் காசில் பாதியாவது மிஞ்சியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை, அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன். தெருவின் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

அப்பா கப்பல் இயந்திரப் படிப்புக்காகக் கிளாஸ்கோ வந்தவர். படிப்பு பாதியில் நின்று, தளத்தில் ஃபிட்டர் வேலை கிடைத்து, 1974 இல் அம்மாவையும் என்னையும் தம்பியையும் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டார். எனக்கு அப்போது ஏழு வயது. வீடு, நாலு தட்டுக் கல் கட்டடம் ஒன்றில் மூன்றாம் தட்டு. டெனமென்ட் என்பார்கள். தெருவாசலிலிருந்து உள்ளே போகும் பொது நடையும் படிக்கட்டும் சேர்ந்தது ஒரு குளோஸ். எங்கள் குளோஸில் பத்துப் பன்னிரண்டு குடும்பம். ஆளுக்கு ஒரு அறை, ஒரு குசினி. குசினிச் சுவரில் குடைந்துவிட்ட இடத்தில்தான் அம்மா அப்பாவின் கட்டில். கக்கூஸ் படிக்கட்டுத் திருப்பத்தில், மூன்று குடும்பத்துக்கு ஒன்று. அதன் திறப்பு ஒரு நூல்கட்டையில் கட்டி வாசல் ஆணியில் தொங்கும். பனிக்காலத்தில் குழாய் உறையாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் சுவரில் ஆடும் நிழலுக்குப் பயந்து நான் போக மாட்டேன் என்று அழுவேன். கீழ்த்தட்டில் லூயிஸ் தீவிலிருந்து வந்த ஒரு கிழவி இருந்தார். வீட்டில் அந்தத் தீவுப் பக்கத்துக் கேலிக் பாஷைதான் பேசுவார். அவர் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், கதவுக்கு வெளியே நின்று அவருடைய பாஷையில் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பார். உள்ளே இருக்கும் எனக்கு ஆள் நிற்கிறார் என்று தெரிய வேண்டுமல்லவா.

1957 இலேயே நகரத்தின் 29 வட்டாரங்களை இடித்துக் கட்டுவதென்று மாநகராட்சி திட்டம் போட்டிருந்தது. இடிப்பு அலை கோவனுக்கும் வந்தது. ஆனால் எல்லாத் தெருவுக்கும் ஒரே விதி அமையவில்லை. 70களின் தொடக்கத்தில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்து இளம் கட்டடக் கலைஞர்கள் 'அசிஸ்ட்' என்ற பெயரில் கோவனிலேயே கடை போட்டு உட்கார்ந்து, டாரன்சே தெரு வீடுகளை இடிக்காமல், உள்ளே குளியலறை வைத்துத் திருத்திக் காட்டினார்கள். அங்கே இருந்த சனமே சேர்ந்து வீடமைப்புச் சங்கம் நடத்தியது. அந்தத் தெரு இன்றும் நிற்கிறது. எங்களுடையது இடிக்கும் பக்கத்தில் அகப்பட்டுவிட்டது. எங்களை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு ஒருநாள் அப்பா கூட்டிப் போய்க் காட்டினார். ஆயுள் முழுக்கக் கரிப்புகை பிடித்துக் கன்னங்கரேலென்று இருந்த சுவர்கள் பாதியில் உடைந்து நின்றன. உடைந்த இடத்தில் கல் இரத்தச் சிவப்பு. இத்தனை வருடம் கறுப்புக் கல் வீட்டில் இருந்தோம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

சேகரிக்கும் எண்ணம் வந்தது ஒரு செத்தவீட்டில். கிரெய்க்டன் தகனச்சாலையில் பழைய அயலவர் ஒருவரை அனுப்பிவிட்டு, வழக்கம்போல ஸ்டேக் பை சாப்பிடப் போன இடத்தில் எல்லாரும் தெருவைப் பற்றியே கதைத்தார்கள். சரி, பதிந்துவிடலாம் என்று தொடங்கினேன். ஃபோனை மேசையில் வைத்து, "நம்முடைய தெருவைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது?" என்று கேட்பேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில். கதவைப் பூட்டியதே இல்லை. கையில் காசில்லை, ஆனால் சந்தோஷம் இருந்தது. எல்லாரும் ஒரே குடும்பம். இதைத் திரும்பத் திரும்பக் கேட்டு எனக்குச் சலிப்பு வந்தது, பிறகு உண்மையாகவே கோபம் வந்தது. அந்தக் கக்கூஸை யாரும் சொல்லவில்லை. சுவரில் ஈரம் பூத்ததைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைச் சம்பளம் மதுக்கடையில் இறங்கும் முன் பிடிப்பதற்காகத் தளத்தின் வாசலில் பெண்கள் காத்து நின்றதைச் சொல்லவில்லை. பொய் சொல்கிறார்கள் என்றில்லை. பலமுறை சொல்லிச் சொல்லி வழுவழுப்பான வாக்கியங்கள்தான் முதலில் வாயில் வரும்.

அதை உடைத்தது ஒரு வரைபடம். ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய வரைபடங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. அதில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய, 1:1250 அளவில் வரைந்த நகரத் தாள்களைத் தேடுங்கள். ஒவ்வொரு குளோஸின் இலக்கமும், பின்முற்றத்துச் சலவைக் கொட்டிலும் குப்பைக் கொட்டிலும் கூடத் தெரியும். அதைப் பெரிய தாளில் அச்செடுத்து, மேசையில் விரித்து, கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தேன். என்ன ஞாபகம் என்று கேட்கவில்லை. "பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வாருங்கள், வழியில் யார் யார் வீடு?" என்று மட்டும் கேட்டேன். எண்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி விரலை வைத்து நடக்கத் தொடங்கினார். மூலையில் பால்கடை, அதற்கடுத்த குளோஸில் எப்போதும் பூனை மணம், அதற்கடுத்ததில் கீழ்ப்பாதிச் சுவருக்குப் பச்சை ஓடு பதித்திருந்ததால் அங்கே இருந்தவர்களுக்குக் கொஞ்சம் பெருமை, முதல் தட்டில் தையல் மெஷின் சத்தம். அரைமணி கழித்து அவரே, "எங்கள் காஸ் மீட்டரை இரண்டு தரம் உடைத்துக் காசை எடுத்துக்கொண்டு போனார்கள்" என்றார். கதவைப் பூட்டியதே இல்லை என்று தொடங்கியவரும் அவர்தான். அங்கிருந்து மீட்டர்காரன் கதை வந்தது. காசு போட்டால் காஸ் வரும் மீட்டர் அது. அவன் வந்து பெட்டியைத் திறந்து நாணயங்களைக் குசினி மேசையில் கொட்டி, விரலால் வரிசை வரிசையாக அடுக்கி எண்ணுவான். எண்ணி முடித்துக் கணக்கில் மிஞ்சியதை அம்மாமாரிடம் திருப்பிக் கொடுப்பான். பிள்ளைகள் மேசை விளிம்பில் நாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம். அன்றைக்குக் கேக் வரும். இந்த ஒரு மேசை எனக்கு நூறு 'சந்தோஷமாக இருந்தோம்'களைவிடப் பெறுமதி.

ஆகவே வரைபடம் இல்லாமல் யார் வீட்டுக்கும் போகாதீர்கள். கையில் எடுத்துப் பார்க்கச் சில சாமானும் வேண்டும். நான் ஒரு பழைய சப்பாத்துப் பொலிஷ் தகரம் கொண்டு போவேன். அதற்குள் மண் நிரப்பி, நடைபாதையில் சோக்கால் கட்டம் கீறி, எற்றி விளையாடுவோம். கதைக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த ஒருவர் அதை எடுத்துத் தரையில் வைத்துக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நிறுத்தவேயில்லை. படி கழுவும் முறை அட்டை ஒன்றும் கிடைத்தது. இந்தக் கிழமை படிக்கட்டு கழுவுவது உங்கள் முறை என்று அச்சடித்த அட்டை, முடிந்தவர் அடுத்த வீட்டுக் கதவுப்பிடியில் கொழுவிவிட்டுப் போவார். அதைப் பார்த்ததும் யார் ஒழுங்காகக் கழுவவில்லை என்ற ஐம்பது வருடப் பழைய வழக்கு உடனே உயிர் பெற்றது. அப்புறம், முதல் தடவை ஒருவரைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். இரண்டு சகோதரிகளைச் சேர்த்து உட்கார்த்தினேன். பால்கடை தெருவின் எந்த மூலை என்று சண்டை பிடித்து, அக்கா சொன்னதே சட்டமாகி, தங்கை வாயை மூடிக்கொண்டார். தங்கையைப் பிறகு தனியாகக் கேட்டபோதுதான் கடை இடையில் மாறியது தெரிந்தது. இருவரும் சொன்னது சரி, காலம்தான் வேறு. பதியும்போது தொலைக்காட்சியையும் சுவர்க்கடிகாரத்தையும் கூண்டுக்குருவியையும் வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். பதியவும் பிறருக்குக் காட்டவும் சம்மதம் என்பதைத் தொடக்கத்திலேயே அவர் குரலில் சொல்ல வையுங்கள். அன்றிரவே வேறு இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் யாரையும் இருத்தாதீர்கள், களைத்தால் மறுபடி அந்த வழுவழுப்பு வாக்கியங்கள்தான் வரும்.

வருடங்கள் இன்னொரு தலையிடி. எந்த வருடம் என்று கேட்டால் எல்லாருக்கும் அறுபத்தெட்டு அல்லது எழுபது. அதற்கு நான் கண்டுபிடித்த வழி, கோவன்காரர் எவரும் மறக்க முடியாத சில நாட்களை ஆணியாக அடித்து வைப்பது. 1968 ஜனவரி 15 இராத்திரிப் புயல். புகைபோக்கிகள் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தன, நகரத்தில் இருபது பேர் செத்தார்கள். நாங்கள் வந்தபோதும் சில கூரைகளில் தார்ப்பாய் கிடந்தது. 1971 ஜனவரி 2, ஐப்ராக்ஸ் கால்பந்து மைதானப் படிக்கட்டில் 66 பேர் நெரிந்து செத்த நாள். அன்று யாருடைய அப்பா பிந்தி வந்தார் என்பது வரை சொல்வார்கள். அதே வருடம் கப்பல் தளங்களை மூடப் போகிறார்கள் என்றதும், தொழிற்சங்கக்காரர் ஜிம்மி ரீட் போன்றவர்கள் முன்நின்று, வேலைநிறுத்தம் செய்யாமல் உள்ளே போய் வேலை செய்தே போராடியது. 1975 இல் குப்பை லொறி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தம், பின்முற்றத்தில் மலையாகக் குவிந்த குப்பை, அதை அள்ள வந்த இராணுவம். எலிகளை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். 1977 மேயில் சுரங்க ரயிலைத் திருத்த வேலைக்காக மூடியது, 1980 இல்தான் திறந்தார்கள். "புயலுக்கு முன்னா பின்னா?", "சிப்பாய்கள் வந்தபோது நீங்கள் எந்த வகுப்பு?" என்று கேளுங்கள். பதில் கிட்டத்தட்டச் சரியாக வரும்.

ஆவணத்துக்கு வருகிறேன், காசு ஒழுகுகிற இடம் இது. ஸ்கொட்லாந்து அரசின் பரம்பரை ஆவணத் தளமான ஸ்கொட்லாண்ட்ஸ்பீப்பிள் கிரெடிட் கணக்கில் ஓடுகிறது. நான் வாங்கியபோது 30 கிரெடிட் 7.50 பவுண். பிறப்பு, இறப்புப் பதிவின் படம் ஒன்றுக்கு 6 கிரெடிட், வீட்டு வரிப்பதிவின் பக்கம் ஒன்றுக்கு 2 கிரெடிட். ஒன்றரைப் பவுண்தானே என்று தோன்றும், ஒரு பெயரில் நாலு பேர் இருந்தால் ஆறு பவுண் போய்விடும். ஸ்கொட்லாந்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பது அபூர்வமே இல்லை. எனக்கு அங்கே மட்டும் 90 பவுண்ணுக்கு மேல் போனது. தெருவின் கதைக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவையே இல்லை என்பது என் முடிவு. தேவை வரிப்பதிவுதான். வீட்டுச் சொந்தக்காரர், குடியிருந்தவர், வருட வாடகை எல்லாம் குளோஸ் குளோஸாக வரிசையில் இருக்கும். நான் தேடியபோது அந்தத் தளத்தில் அது 1940 வரைதான் இருந்தது, அதுவும் ஐந்து பத்து வருட இடைவெளியில். அதற்குப் பிந்தியதற்கு நோர்த் ஸ்ட்ரீட்டில் இருக்கும் மிட்செல் நூலகத்துக்குப் போங்கள், மாநகர ஆவணக் காப்பகம் அங்கேதான். தடித்த புத்தகங்களை மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள், பார்ப்பதற்குக் காசில்லை. ஸ்கொட்லாந்தில் வீட்டு வரி 1989 இல் போனதால் வீடுகளின் பதிவும் அதோடு நின்றுவிடுகிறது. பழைய தெருப் படங்களையும் முதலில் அங்கேயே கேளுங்கள். 1915 பதிவில் எங்கள் குளோஸின் வாடகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒருவர் சொன்ன கதை பிடிபட்டது. அந்த வருடம் வாடகையை ஏற்றியபோது மேரி பார்பர் என்ற கோவன் பெண் மற்றப் பெண்களைத் திரட்டி, வாடகை கட்டாமல் நின்று, வெளியேற்ற வரும் அதிகாரிகளைச் சட்டி பானை தட்டித் துரத்த வைத்தார். வருட முடிவில் வாடகையைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. அவருக்கு 2018 இல் கோவனில் சிலை வைத்தார்கள். சொன்னவரின் பாட்டி மாவுக் கையோடு அந்தக் கூட்டத்தில் ஓடினாராம். பதிவில் அந்தப் பாட்டியின் புருஷனுடைய பெயர் அதே இலக்கத்தில் இருந்தது. அந்த மத்தியானம் பட்ட எல்லா அலைச்சலையும் மறந்துபோனேன்.

படங்களில்தான் மனம் நொந்தது. ஒரு குடும்பம் நம்பி ஒரு ஆல்பத்தைத் தந்தது. ஸ்கேன் செய்து தரும் ஒரு கடையில் 180 பவுண் கட்டிக் கொடுத்தேன். சொன்ன திகதி தாண்டி நாலைந்து கிழமை கழித்து வந்தது. கறுப்புத் தாளில் பசை போட்டு ஒட்டியிருந்த படங்களை உரித்தெடுத்ததில் பின்பக்க எழுத்தெல்லாம் கிழிந்து போயிருந்தது. 'கோவன் விழா, நீ இடப்பக்கம்' என்று ஒரு அம்மா பென்சிலில் எழுதியிருந்ததில் 'நீ' மட்டும் மிச்சம். கடைக்காரர் பாதிக் காசைத் திருப்பித் தந்தார், அந்த வீட்டு வாசலில் ஆல்பத்தோடு போய் நின்றது நான். இன்றைக்குக் கேட்டால் ஆல்பம் வீட்டை விட்டு வெளியே போகவே கூடாது என்பேன். சன்னல் பக்கத்து மேசையில், வெயில் நேரே விழாத இடத்தில், ஃபோனாலேயே எடுங்கள், முன்பக்கமும் பின்பக்கமும். கூர்மையாக வேண்டுமென்றால் பழைய ஃபிளாட்பெட் ஸ்கேனர் ஒன்று நாற்பது ஐம்பது பவுண்ணுக்கு வாங்கலாம், அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள். ஒட்டியதை உரிக்காதீர்கள், பக்கத்தோடு எடுங்கள். இன்னொன்று, படம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். பிரித்தானியச் சட்டப்படி பொதுவாக எடுத்தவருக்கே பதிப்புரிமை, அவர் செத்து 70 வருடம் வரை. வீட்டுப் படம் என்றால் எடுத்தவரின் பிள்ளைகளைக் கேட்டால் போதும். பள்ளிக்கூடத்து வகுப்புப் படத்துக்கு அப்படியில்லை. நான் அவற்றைப் புத்தகத்தில் போடவேயில்லை.

சினேகிதம் போன கதை இது. தெருவில் மெனாஜ் நடந்தது. கிழமைக்கு இவ்வளவென்று ஒரு பெண்ணிடம் கட்டி, முறை வரும்போது மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது. நம்முடைய சீட்டேதான், அம்மாவுக்கு ஒருவரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளின் சப்பாத்து, திரைச்சீலை, ஜூலையில் இரண்டு கிழமை கிளாஸ்கோ விடுமுறைக்கு ரொத்சே என்ற கடற்கரை ஊருக்குப் போகும் செலவு எல்லாம் அதிலிருந்துதான். ஒரு வருடம் விடுமுறைக்குக் கொஞ்ச நாள் முன்பு காசு காணாமல் போனது. மெனாஜ் நடத்தியவர் எடுத்தார் என்றார்கள், அவர் புருஷன் எடுத்துக் குதிரையில் விட்டார் என்றார்கள். நான் கேட்ட எல்லாருமே இந்தக் கதையைச் சொன்னார்கள், சொல்லிவிட்டுப் போட வேண்டாம் என்றார்கள். நானும் போடவில்லை. ஆனால் நான் அதைக் கேட்டு வைத்திருக்கிறேன் என்ற செய்தி அந்தப் பெண்ணின் மகளுக்கு எப்படியோ போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள். ஃபோனில், "நீ இங்கே வந்த முதல் கிழமை உனக்குக் கோட் தந்தது என் அம்மா" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று காட்ட அனுப்பிய பிரதி திரும்பி வந்தது. இப்படி ஒரு வேலையில் இறங்கினால், பதிவுகளைக் கேட்கப் போவது யார், எது அச்சில் வராது என்பதை முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். பெயர்களைக் குளோஸ் இலக்கத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். செத்தவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என்னைப் பற்றியதும் கொஞ்சம் இருக்கிறது. "நாங்கள் நிறமே பார்த்ததில்லை, ஹென்" என்று பலர் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஹென் என்றால் அங்கே பெண்களைச் செல்லமாகக் கூப்பிடுவது. பார்த்தார்கள். மூலையிலிருந்து என் நிறத்தைச் சொல்லிக் கேலியாகக் கத்திய பொடியன்களை எனக்கு இன்றும் தெரியும். அதில் ஒருவன் பின்னேரமானால் தன் அம்மா ஜாம் பூசித் தந்த பாணில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டுவான். புதிதாக வருகிற யாரிடமும் முதல் கேள்வி எந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான். கத்தோலிக்கரா புரட்டஸ்தாந்தா என்று அதில் தெரிந்துவிடும். எங்களை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. "சைவம் சரி, கத்தோலிக்கச் சைவமா, புரட்டஸ்தாந்து சைவமா?" என்று ஒரு பொடியன் உண்மையாகவே கேட்டான். இவற்றைப் போடலாமா என்று ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை, இது என் ஞாபகம். போட்டேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அந்தப் பாண்காரன் இப்போது பேரன் கண்டவன், ஃபோன் எடுத்து மன்னிப்பும் கேட்காமல், தன் அம்மாவின் ஜாம் எந்தப் பழம் என்று மட்டும் சொன்னான். ரூபார்ப்.

நல்லதையும் சொல்லாவிட்டால் பாவம். ஸ்கொட்லாந்தில் வருடப் பிறப்பு இராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிறகு வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவர் கறுத்த முடிக்காரராக, உயரமானவராக இருந்தால் அந்த வருடம் அதிர்ஷ்டம் என்று நம்பிக்கை. கையில் ஒரு துண்டு நிலக்கரியோடு வர வேண்டும். அப்பா நல்ல உயரம், முடி கரிக்கட்டை. முதல் வருடம் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். அடுத்த வருடம் தெருவே முன்பதிவு செய்தது. அப்பா ஒவ்வொரு தட்டாக ஏற, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிளாஸ் விஸ்கி கொடுப்பார்கள், மறுத்தால் அதிர்ஷ்டம் போய்விடும். கடைசிக் குளோஸிலிருந்து அவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள், கோட் பையெல்லாம் நிலக்கரியும் ஷோர்ட்பிரெட்டும். அம்மா மூன்று நாள் கதைக்கவில்லை. ஹலோவீனுக்கு வேஷம் போட்டு வீடு வீடாகப் போகும் பிள்ளைகள் சும்மா கை நீட்ட முடியாது, ஒரு பாட்டோ கவிதையோ சொல்லிக் காட்ட வேண்டும். எனக்கு முழுதாகத் தெரிந்தது ஒரு தேவாரம்தான். குடைந்த டர்னிப் விளக்கைப் பிடித்துக்கொண்டு அதைப் பாடி, பை நிறைய வேர்க்கடலையும் அப்பிளும் வாங்கி வந்தேன். இந்தக் கதைகளை நான் சொல்லுமுன்னே மற்றவர்கள் சொன்னார்கள். கேட்கப் போன இடத்தில் என் பிள்ளைப் பருவத்தை எனக்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

அச்சுக்கு 100 பிரதிக்கு 720 பவுண். மாதிரிப் பிரதி கேட்டேன், நேரமில்லை, கணினியில் காட்டுகிறோம் என்றார்கள். வந்த புத்தகத்தில் நடுப்பக்க வரைபடம் தையலுக்குள் இறங்கி, தெருவின் ஒரு பக்கத்து நாலு குளோஸ் மடிப்புக்குள் போய்விட்டது. எந்த அச்சகமானாலும் காகிதத்தில் ஒரு பிரதி கையில் வராமல் மிச்சக் காசு கொடுக்காதீர்கள். வரைபடத்தைத் தனித் தாளாக மடித்துப் பின்னட்டையில் செருகுங்கள். எழுத்தும் சின்னது. யாருக்காக இந்தப் பாடெல்லாம் பட்டேனோ அவர்களில் பாதிப் பேர் எண்பதைத் தாண்டியவர்கள். பூதக்கண்ணாடி பிடித்து இரண்டு பக்கம் படித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டார்கள். பிறகு நானே கணினியில் எழுத்தை 18 புள்ளிக்குப் பெரிதாக்கி, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்செடுத்து, மடியில் விரித்தால் மூடிக்கொள்ளாமல் கிடக்கச் சுருள்கம்பி போட்டுக் கட்டினேன். வரைபடம் தனி. ஒரு பிரதிக்கு ஐந்து பவுண்ணுக்குள்தான் வந்தது. பென்சிலால் திருத்தி எழுதட்டும் என்று எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தேன். முதலில் திரும்பி வந்த பிரதியில் பால்கடை இருந்த மூலை மறுபடி வெட்டித் திருத்தப்பட்டிருக்கிறது. அக்காவின் கையெழுத்து.